சராசரி மனிதரின் விலாசம்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டின. ஒரு பொருளாதார அமைப்பு தேறிவிட்டதா, தோற்றுவிட்டதா என்று யார் தீர்ப்பு எழுதுவது, எதை வைத்து எழுதுவது? புள்ளிவிவரத் துறையில் முப்பத்தோராண்டு படிவமும் பென்சிலுமாக வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்பதால், ஆசிரியர் கடிதக் கட்டு முழுவதையும் என் தலையில் இறக்கிவிட்டார். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஓரவஞ்சனை வேண்டாமே என்று யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனால் அமைப்பு வெற்றி பெற்றுவிட்டது என்றுதானே பொருள்? எங்கள் பேராசிரியர் அப்படித்தான் சொல்லித் தருகிறார். (பொருளியல் மாணவி)

பேராசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம் அம்மா. தேர்வுத்தாளில் அவர் சொன்னபடியே எழுதிவிடுங்கள். மதிப்பெண் வந்த பிறகு இதைப் படித்தால் போதும்.

1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து தொழிற்சாலைகள் மூடத் தொடங்கியபோது, நாட்டின் வருமானம் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல அங்கே முறையான கணக்கே இல்லை. சரக்கு ரயிலில் எத்தனை பெட்டி போகிறது, உருக்கு எவ்வளவு வார்க்கப்படுகிறது என்று பார்த்துக் குத்துமதிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் ஒரு சிறு குழுவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, 1934இல் செனட் சபைக்கு அறிக்கை கொடுத்தார். மூன்றே ஆண்டில் தேசிய வருமானம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்பது அதன் சாரம். இன்றைய ஜிடிபி அந்தக் கணக்கின் வழிவந்தது. கெட்ட செய்தியைப் பூசி மெழுக முடியாதபடி சொல்வதற்காகப் பிறந்த எண் அது. நல்ல செய்தி வாசிக்க மட்டும் அதை மேடையேற்றுவது பிற்காலத்துப் பழக்கம். இதை வைத்து மக்களின் நலத்தை எடை போட்டுவிடாதீர்கள் என்று அதே அறிக்கையில் குஸ்நெட்ஸ் எச்சரித்திருந்தார். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை போலும்.

புரட்டியிருந்தால் சில வேடிக்கைகளுக்கு நாம் வாய் பிளந்திருக்க மாட்டோம். 2015இல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் கால் பங்கு வளர்ந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. விசாரித்துப் பார்த்தால், சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்கேட்டுக்கு மாற்றியிருந்தன. அங்குள்ள தொழிலாளிகளின் சம்பளமும் அதோடு கால் பங்கு ஏறிவிடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே ஒப்புக்கொண்டு, இந்த ஊதலைக் கழித்த வேறொரு கணக்கையும் 2017 முதல் வெளியிட்டு வருகிறது. (துறைக்காரன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஊதல் என்று தெரிந்தும் வாய் திறக்காத அலுவலகங்களை நான் அறிவேன்.) நைஜீரியா 2014இல் தன் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது விலைக்கும் தொழில்களின் பங்குக்கும் அளவுகோலாக வைக்கும் ஆண்டை, 1990இலிருந்து 2010க்கு மாற்றியபோது, அதன் பொருளாதாரம் ஒரே நாளில் 89 சதவீதம் பெரிதாயிற்று. தென் ஆப்பிரிக்காவை முந்திக்கொண்டு கண்டத்திலேயே முதலிடம் பிடித்தது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை. தொலைத்தொடர்பு, திரைப்படம் என்று இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த தொழில்களைச் சரியாக எண்ணினார்கள், அவ்வளவுதான். ஆனால் முந்தின இரவு பசியோடு படுத்தவர் மறுநாள் காலையிலும் பசியோடுதான் எழுந்திருப்பார்.

கணக்கில் வராமல் போவதும் உண்டு. சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்யும் பெண்ணை அந்த வீட்டுக்காரர் மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் சொல்லி நூறாண்டு ஆகிறது. நான் நிரப்பிய படிவங்களிலும் அதே கதைதான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை ஒன்பது ஆண்டு தூக்கிக் குளிப்பாட்டிய பெண்ணுக்கு நேரே ‘வேலை செய்யாதவர்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். இருந்த கட்டம் அதுதான். அவர் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சரி, எதைத்தான் பார்ப்பது? நான் இரண்டு கேள்வி கேட்பேன். மோசமான ஆண்டு ஒன்று வரும்போது அந்த அமைப்பின் அடியில் இருப்பவருக்கு என்ன ஆகிறது? அவருக்கு ஆனது, மேலே இருப்பவர் காதுக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது? நல்ல ஆண்டில் எல்லா அமைப்பும் அழகாகத்தான் இருக்கும். மேலே இருப்பவரின் வருமானத்தையும் கீழே இருப்பவரின் வருமானத்தையும் கூட்டி வகுத்தால் ‘சராசரி மனிதர்’ ஒருவர் கிடைப்பார். முப்பத்தோராண்டில் ஒரு வீட்டிலும் அவரை நான் சந்தித்ததில்லை. விலாசம் தெரிந்தால் எழுதுங்கள்.

கேள்வி: சோவியத் ஒன்றியம் தோல்வி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அனைவருக்கும் வேலை, இலவசக் கல்வி, விண்வெளியில் முதல் மனிதன். இதெல்லாமா தோல்வி? (ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தோழர்)

தோழரே, உங்கள் பட்டியலில் பொய் இல்லை. 1957இல் ஸ்புட்னிக், 1961இல் ககாரின். உழவர்கள் நிறைந்த ஒரு நாடு ஒரு தலைமுறைக்குள் அங்கே போய்ச் சேர்ந்தது சாதாரணமல்ல. ஆனால் 1932–33 பஞ்சத்தில் உக்ரைன், கஜகஸ்தான் முதலிய பகுதிகளில் 50 லட்சத்துக்குக் குறையாத மக்கள் பட்டினியில் செத்ததையும் அதே பட்டியலில் எழுதினால்தான் பேரேடு நேராகும்.

என்னை உறுத்துவது பிறகு நடந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே சிசு மரண விகிதம் ஏறத் தொடங்கியது. தொழில் வளர்ந்த நாடு எதிலும் இறங்க வேண்டிய எண் அது. அரசு என்ன செய்தது? அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. எமானுவேல் டாட் என்ற பிரெஞ்சுக்காரர், அப்போது வயது 25தான், மக்கள்தொகைக் கணக்குகளில் ஊறியவர். ஏறிய எண்ணைப் பார்த்துவிட்டு, இந்த அமைப்பு உடையப்போகிறது என்று 1976இல் எழுதினார். ஏவுகணைகளை எண்ணிக்கொண்டிருந்த பெரிய நிபுணர்கள் தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டில் உடைந்தது. என் துறையில் வெற்றுக் கட்டம் என்பது பெரிய தகவல். எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், ‘இதைப் போடாதே’ என்று யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

உடைந்ததைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் ஏறக்குறைய 64 ஆண்டு. 1994இல் 58க்கும் கீழே. சந்தை வந்தது, விலை பறந்தது, சேமிப்பு கரைந்தது, வேலை போனது, குடி பெருகியது. உலகப் போர் எதுவும் இல்லாமல், படித்த மக்கள் வாழும் ஒரு நாடு நான்கே ஆண்டில் ஆறு ஆண்டு ஆயுளை இழந்தது. அதற்குச் ‘சீர்திருத்தம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கேள்வி: ஜினி எண் குறைவாக இருக்கும் நாடுதான் வெற்றி பெற்ற நாடு என்று ஏன் முடித்துவிடக் கூடாது?

வருமானம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்படுகிறது என்று அளக்க, கொராடோ ஜினி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர் 1912இல் தந்த கணக்கு அது. 0 என்றால் எல்லாரும் சமம், 1 என்றால் அத்தனையையும் ஒருவரே வாரிக்கொண்டார். எல்லாரும் சமமாகப் பட்டினி கிடந்தாலும் 0தான். நல்ல துணை எண். தனியாக அனுப்பினால் வழி தவறிவிடும்.

கேள்வி: ஜனநாயகம் பேசிப் பேசியே காலம் கடத்துகிறது. சீனா செய்து காட்டிவிட்டது. வெற்றிக்கு வேறு சாட்சி வேண்டுமா? (சிறுதொழில் நடத்தும் வாசகர்)

சீனாவைக் கூண்டில் ஏற்றினால் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லிவிட்டுத்தான் இறங்கும். 1978க்குப் பிந்தைய நாற்பது ஆண்டில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்பது உலக வங்கியின் கணக்கு. இத்தனை பேர் இவ்வளவு விரைவில் மீண்டதற்கு வரலாற்றில் முன்னுதாரணம் இல்லை. இதை மறுப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

அதே நாடு, அதே கட்சி, இருபது ஆண்டு முந்தைய கதை ஒன்று உண்டு. விளைச்சலையும் தொழிலையும் ஒரே வீச்சில் பெருக்கிவிட மாவோ 1958இல் ‘பெரும் பாய்ச்சல்’ திட்டத்தைத் தொடங்கினார். விளைச்சல் எவ்வளவு என்று மேலிடம் கேட்டது. ஒவ்வொரு மட்டத்து அதிகாரியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டி எழுதி மேலே அனுப்பினார். அந்தப் பொய்யை நம்பி மேலிடம் கொள்முதல் அளவை உயர்த்தியது. கிராமத்துக் களஞ்சியம் துடைக்கப்பட்டது. மக்கள் பட்டினி கிடக்கையில் தானியம் ஏற்றுமதியும் ஆனது. 1959இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் நிலைமையைக் குறை சொல்லி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பதவி போயிற்று. பாதுகாப்பு அமைச்சருக்கே அந்தக் கதி என்றால் ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளை வாய் திறப்பாரா? இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி என்கிறது ஒரு மதிப்பீடு, நாலரைக் கோடி என்கிறது இன்னொன்று. அந்த இடைவெளியைப் பாருங்கள். மூன்று கோடிப் பேர் செத்தார்களா இல்லையா என்பதே இன்னும் கணக்குத் தகராறாக நிற்கிறது.

பொருளியலாளர் அமர்த்திய சென் 1943 வங்காளப் பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாகக் கண்டவர். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பின்னாளில் அவர் சொன்னது பலருக்குத் தெரியும். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் அந்த அளவுப் பஞ்சம் வரவில்லை. இதோடு நிறுத்திக்கொண்டு மார்தட்டலாம். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

சென் நிறுத்தவில்லை. ழான் திரேஸ் என்ற பொருளியலாளரோடு சேர்ந்து அவர் இன்னொரு கணக்கும் போட்டார். பஞ்சம் எதுவும் இல்லாத சாதாரண ஆண்டுகளில் இந்தியாவின் இறப்பு விகிதம் சீனாவைவிட அதிகமாக இருந்தது. அந்த மிகைச் சாவுகளைக் கூட்டிக்கொண்டே வந்தால், ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை சீனப் பஞ்சத்தின் அளவுக்கு வந்துவிடும் என்று காட்டினார்கள். 1980களின் நிலவரத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. பஞ்சம் வந்தால் பத்திரிகைக்கு முதல் பக்கச் செய்தி. சத்தில்லாமல் மெல்ல மெல்லத் தேயும் குழந்தை எந்தப் பக்கத்திலும் செய்தியில்லை. கூக்குரலுக்குத் திரும்பும் காது முனகலுக்குத் திரும்புவதில்லை.

ஆகவே மாணவிக்குச் சொன்ன இரண்டாவது கேள்வியை நானே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். செய்தி மேலே போகிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, எந்த மாதிரிச் செய்தி போகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்றும் கேட்க வேண்டும். உங்கள் தொழிற்கூடத்திலும் கேட்டுப் பாருங்களேன். இயந்திரம் நின்றால் உடனே உங்களிடம் ஓடிவருவார்கள். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு முதுகு வலித்தால்?

கேள்வி: இத்தனை கணக்கு எதற்கு? மக்கள் எந்த நாட்டை விட்டு ஓடுகிறார்கள், எந்த நாட்டுக்குள் வர வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் தீர்ந்தது.

பாதி சரி. 1949க்கும் 1961க்கும் இடையில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே போய்விட்டார்கள். 1961 ஆகஸ்டில் பெர்லினில் தடுப்பு எழுப்பித்தான் அதை நிறுத்த முடிந்தது. மக்கள் உள்ளே இருக்கச் சுவர் கட்ட வேண்டியிருந்தால் அந்த அமைப்பைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

மறுபாதிதான் தகராறு. போவதற்கும் காசு வேண்டும், உடம்பில் வலு வேண்டும். படுத்திருப்பவரும் பரம ஏழையும் இந்தத் தேர்தலில் வாக்களிப்பதில்லை. வந்து குவியும் இடமெல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. வளைகுடா நாடுகள் சிலவற்றில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் பெரும்பான்மை. எத்தனை ஆண்டு உழைத்தாலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடைக்காது. அவர்கள் வந்து நிற்பது, வந்த இடத்துக்குக் கொடுத்த நற்சான்றா, விட்டு வந்த இடத்தின் மேல் கொடுத்த புகாரா?

கேள்வி: மண்ணுக்கடியில் வளம் இருக்கும் நாட்டுக்குப் பொருளாதார அமைப்பு எதுவாக இருந்தால் என்ன?

நௌரு என்று பசிபிக் கடலில் ஒரு தீவு. 21 சதுர கிலோமீட்டர். தீவே பாஸ்பேட். 1968இல் விடுதலை பெற்று, 1970களில் நபர்வாரி வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. நிலத்தில் பெரும்பகுதியைத் தோண்டி விற்றுவிட்டார்கள். வருங்காலத்துக்கென்று ஒதுக்கிய நிதி தவறான முதலீடுகளில் கரைந்தது. 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள், அது படுத்துவிட்டது. பிறகு கடன். நடுத்தீவு இன்று கூரிய சுண்ணாம்புக் கற்கள் துருத்தி நிற்கும் பொட்டல்.

‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’யில் ‘மொத்த’ என்ற சொல்லை யாரும் நின்று வாசிப்பதில்லை. தேய்மானம் கழிக்கவில்லை என்று அதற்குப் பொருள். தோண்டி எடுத்து விற்ற மண்ணையும் அது கழிப்பதில்லை. கடைக்காரர் சரக்கை விற்றுவிட்டு, அதை மறுபடி வாங்க ஆகும் செலவைக் கழிக்காமல் கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம் என்றால், வீட்டில் உள்ளவர்கள் ‘முதலுக்கே மோசம்’ என்று கத்துவார்கள். நாடு அப்படிச் சொன்னால் வளர்ச்சி விகிதம் என்று அச்சிடுகிறோம். நார்வே 1990இல் தன் எண்ணெய் வருமானத்துக்கென ஒரு நிதியைச் சட்டமியற்றி அமைத்தது. அந்த முதலின் எதிர்பார்க்கும் வருவாயை ஒட்டித்தான் ஆண்டுக்கு எடுக்கலாம் என்பது விதி. முதலில் 4 சதவீதம் என்று வைத்து, 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் அடியில் வளம்தான் இருந்தது.

கேள்வி: பூட்டானைப் போல மகிழ்ச்சியை அளந்தால் என்ன?

அளக்கலாம். 2008 அரசியல் சட்டத்திலேயே அவர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிக் கொள்கையின் பிறப்பிடமான அதே நாட்டிலிருந்து 1990களின் தொடக்கத்தில் வெளியேறிய நேபாளி மொழி பேசும் மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர், நேபாளத்து அகதி முகாம்களில் பல ஆண்டு கிடந்தார்கள். அவர்களிடம் யாரும் படிவம் நீட்டவில்லை.

கேள்வி: இவ்வளவும் சொன்ன நீங்கள், ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்டு வாங்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

சிசு மரண விகிதம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளுக்குள் எத்தனை இறக்கின்றன என்ற எண். ஒரு குழந்தை ஓராண்டைத் தாண்ட என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தாய்க்குச் சரியான வயதும் சத்தும் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், இரவில் வண்டி போக ஒரு சாலை வேண்டும், சாலை முடிகிற இடத்தில் விழித்திருக்கும் ஒரு செவிலியர் வேண்டும். பணக்காரர் ஒருவரின் வருமானம் ஆயிரம் மடங்கு ஏறி ஜிடிபியைத் தூக்கிவிடலாம். அவர் வீட்டுக் குழந்தை ஆயிரம் முறை பிழைத்துக்கொண்டு சராசரியைத் தூக்க முடியாது. அதனால்தான் இந்த எண்ணை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் இது 5க்கு மேல், ஜப்பானில் 2க்குப் பக்கம். 1948இல் ராணுவத்தையே கலைத்த கோஸ்டாரிகா, அமெரிக்காவைவிட மிகக் குறைந்த வருமானத்தில் அதற்கு இணையான சராசரி ஆயுளை எட்டியிருக்கிறது.

இந்த எண்ணும் என்னைக் கைவிட்டிருக்கிறது, மறைக்க மாட்டேன். இலங்கையின் குறைந்த சிசு மரண விகிதத்தைக் காட்டிக் காட்டி எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். 2022 ஏப்ரலில் அந்த நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது அவர்களில் இருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். தொட்டிலைப் பார்த்தவன் கல்லாவைப் பார்க்கவில்லை. கடன், வரி, அந்நியச் செலாவணி எல்லாம் அந்த எண்ணுக்குள் தெரியாது. தவிர, ஓர் எண்ணை இலக்கு என்று அறிவித்துவிட்டால் அதிகாரிகள் குழந்தையை விட்டுவிட்டு எண்ணைக் காப்பாற்றத் தொடங்குவார்கள். பிறந்த சில மணி நேரத்தில் இறந்த குழந்தையைச் ‘செத்தே பிறந்தது’ என்று எழுதினால் விகிதம் இறங்கிவிடும்.

பதிவேடு ஒழுங்காக இல்லாத இடத்தில் இந்த எண்ணை எப்படி எடுப்பார்கள் என்று உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வில்லியம் பிராஸ் என்ற பிரிட்டிஷ்காரர் கண்ட வழி ஒன்று உண்டு. தாய்மாரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதுவரை உங்களுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? தாயின் வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் கிடைத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் இதைக் கேட்டேன். முதல் கேள்விக்கு அந்த அம்மாள் ஆறு என்றார். இரண்டாவதற்கும் ஆறு என்றார். புரியவில்லை போல என்று மறுபடி கேட்டேன். ஆறு என்றே சொன்னார். உள்ளேயிருந்து அவருடைய கணவர் ‘நாலு’ என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நான் படிவத்தில் 4 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.